மூன்று மரங்களில் ஒன்று கையை மடக்கியிருக்கும்

மோர்னிங்சைட்டில் இருக்கிற அம்மன் கோயிலின் வாசல் வளைவில் பொன் எழுத்துப் பதித்தவன் நான். ஸ்காபரோவில் பஸ்ஸுக்குள் இருப்பவர்கள்கூடத் தலையை நிமிர்த்திப் பார்க்கிற நகைக்கடைப் பலகை, உப்புப் பனிக்கும் வெயிலுக்கும் இன்றுவரை உரியாத மீன்கடைப் பலகை, மன்னார்ச் சனம் கூடுகிற தேவாலயத்துப் பெருநாள் பந்தலில் ஏறிய மாதாவின் பெயர், விட்பியில் புதுவீடுகளுக்கு நடுவே முதன்முதல் திறந்த தமிழ் மரக்கறிக்கடையின் பச்சைப் பலகை, எல்லாம் என் கை. தமிழ், இங்கிலிஷ், சீனம், அரபு என்று நான் தொடாத எழுத்து இந்த ஊரில் குறைவு. படிப்போ எட்டாம் வகுப்போடு சரி. நான் இங்கிலிஷ் கதைக்கத் தொடங்கினால் என் மனைவி மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கனடாவுக்கு வந்த முதல் பனி மாரியில் சப்பாத்துக்குள் பிளாஸ்ரிக் பை சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவன். ஏணி பிடிக்கத்தான் என்னை எடுத்தார்கள். ஏணிக்குக் கீழே நின்றவன் மேலே ஏறி, பிறகு பலகை எழுதி, கடைசியில் தொழிற்கூடம் முழுவதையும் நடத்தினேன். ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் இளைப்பாறிய பிறகு அந்தப் பலகைக் கடையை நடத்துகிறவன் நிரோஜன். என்னோடு வேலை செய்த காலத்தில் கொம்பியூட்டரில் பலகைகளை வரைந்துகொண்டிருந்தவன். போன கிழமை வீட்டுக்கு வந்தான். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம்.

"அங்கிள், மெஷினைப் பற்றி எழுதவேண்டாம். அதை நாங்கள் காட்டுவம். நீங்கள் மற்றதை எழுதுங்கோ."

"மற்றதெண்டா?"

"அந்த ஜப்பான் போர்ட் கதை."

"அதிலை உன்ரை பேர் வருமே, பரவாயில்லையோ?"

"போடுங்கோ, போடுங்கோ. ஐ ஆம் த பொஸ் நவ். ஆரும் சிரிக்கமாட்டினம்."

ஆகவே சிரிக்காமல் வாசியுங்கள்.

ஜப்பானியர்கள் மூன்று வகை எழுத்தைக் கலந்து எழுதுகிறார்கள். இரண்டு வகை நம்முடையதைப் போல ஒலிக்கு எழுத்து. மூன்றாவது சீனாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த காஞ்சி. அது ஒலிக்கு எழுத்தில்லை, பொருளுக்கு எழுத்து. எங்கள் கடையில் ஒருவரும் அதைத் தொட விரும்புவதில்லை. 'குச்சிக் கட்டு' என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மோர்னிங்சைட்டில் கராத்தே வகுப்பு நடத்துகிற நம் ஆள் ஒருவர் தொலைபேசி எடுக்கும் வரைக்கும்.

வேறொரு பலகைக் கடைக்காரர் அவருக்குப் பலகை மாட்டியிருந்தார். கராத்தே என்றால் வெறும் கை. அதற்கு இரண்டு எழுத்து. மகளை வகுப்பில் சேர்க்க வந்த ஒரு ஜப்பானியத் தாய், வாசலில் நின்று தலையைத் தோளில் சாய்த்துப் பார்த்தாராம். 'கை' என்கிற எழுத்துத் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. அது தொங்கத் தொடங்கி ஒரு மாரி முழுவதும் போய்விட்டது. நான் ஏணியோடு போனேன்.

"தம்பி, இவ்வளவு காலமும் நீர் கவனிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அண்ணை, எனக்கு உதைக்கத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது."

அன்றைக்கே தொழிற்கூடத்தில் ஒரு சட்டம் போட்டேன். நமக்குத் தெரியாத எழுத்து எதை வெட்டினாலும், மெஷினை விட்டு எடுக்கும் முன் அதன் முதுகில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. இன்றைக்கும் நீங்கள் போடுகிற அம்புக்குறி என்னுடையது. யார் கொண்டுவந்தது என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் அம்புக்குறி போட்டால் தலைகீழாக மாட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அந்த எழுத்தை நான் பார்க்கப் பழகியது கெய்கோ என்கிற பெண்மணியின் கடையில்.

கெய்கோவுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் நூடில்ஸும் தேநீரும் விற்கிற கடை திறக்க இருந்தார். கடைக்குப் பெயர் ஒரே ஒரு எழுத்து: காடு. அதைத் தொண்ணூறை நெருங்கிய அவருடைய தகப்பன் தூரிகையால் எழுதியிருந்தார். அளவெடுக்க நான் போன நாளில் கதிரைகள்கூட வந்து சேரவில்லை. கெய்கோ அந்தத் தாளைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து விரித்தார்.

"இது எனக்குக் குச்சிக் கட்டு மாதிரித் தெரிகிறது. கோபிக்கவேண்டாம்" என்றேன். என் இங்கிலிஷில் அது எப்படிக் கேட்டதோ, சிரித்துவிட்டார். அவர் இங்கிலிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"குச்சிதான். பாருங்கள்" என்று, சாப்பிடுகிற குச்சிகளை எடுத்து மேசையில் வைத்தார். படுக்கையாக ஒன்று, நிமிர்ந்து ஒன்று, இரண்டு பக்கமும் சரிவாக ஒவ்வொன்று. "木. இது மரம். கிளை, தண்டு, வேர்."

பக்கத்தில் இன்னொரு மரம் வைத்தார். 林. தோப்பு. மேலே மூன்றாவதை ஏற்றினார். 森. காடு.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"எல்லாம் இவ்வளவு லேசில்லை. ஆனால் இப்படித்தான் தொடக்கம்." மரத்தைத் தனியே வைத்து, அதன் இடப்பக்கத்தில் இரண்டு குச்சியால் ஒரு மனிதனைச் சாத்தினார். 休. "மரத்தில் சாய்ந்த மனிதன். என்னவென்று சொல்லுங்கள்."

"எங்கள் வேலையாட்கள் கடைக்குப் பின்னால் செய்கிறது."

"சரி! ஓய்வு."

இப்படி அரை நாள் போனது. நமக்கு எழுத்துகள் கூடிச் சொல் ஆகும். அவர்கள் ஒரு எழுத்துக்குள்ளேயே ஆட்களைக் குடியேற்றுகிறார்கள். ஒரு கோடு இருந்தாலும் இருபது கோடு இருந்தாலும் எழுத்துக்குக் கிடைப்பது ஒரே அளவு சதுரம். தனி ஆளுக்கும் எட்டுப் பேர் குடும்பத்துக்கும் ஒரே அளவு அப்பார்ட்மெண்ட் கொடுத்த மாதிரி. ஸ்காபரோவில் இருந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எட்டுப் பேர் ஒரு வீட்டில் படுப்பதென்றால் ஒருவர் காலை மடக்கவேண்டும், ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டும். காஞ்சியும் அப்படியே.

ஒரே எழுத்தை இடத்துக்கு ஒரு விதமாக வாசிக்கிறார்கள் என்று கெய்கோ சொன்னபோதுதான் கொஞ்சம் தடுமாறினேன். சீனாவிலிருந்து எழுத்தோடு வந்த ஒலி ஒன்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த சொல்லின் ஒலி ஒன்று. பிறகு யோசித்தால் அதில் என்ன புதினம்? நம் பிள்ளைகளுக்கு வேலையிடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஆள் ஒன்றுதான். எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கூப்பிடுகிறோம்.

இன்னொன்றும் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் கோடுகளுக்கு வரிசை உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். நான்கு பக்கமும் அடைத்த எழுத்தென்றால், உள்ளே இருக்க வேண்டியவரை உள்ளே விட்ட பிறகுதான் அடிக்கோட்டைப் போட்டு அடைப்பார்கள். எழுதி முடித்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது, எந்தக் கோடு முதல் வந்தது என்று? கேட்டேன்.

"தெரியும்" என்றார் கெய்கோ. "அப்பாவின் தாளைப் பாருங்கள்."

அந்தத் தாளை இப்போது உங்களுக்கு விவரிக்கவேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதைப் பற்றித்தான். மேல் மரம் மை நிறைந்து, கொழுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றது. கீழே இடப்பக்க மரம் தன் வலது கையை, அதாவது வலச்சரிவுக் கோட்டை, நீட்டாமல் ஒரு சின்னப் புள்ளியாக மடக்கியிருந்தது. பக்கத்தில் நிற்கிற மரத்தை இடிக்கக் கூடாது என்பதற்காக. காஞ்சி எழுதுகிற எல்லாரும் அப்படித்தான் மடக்குவார்களாம். கடைசி மரத்துக்கு வரும்போது தூரிகையில் மை தீர்ந்து, கோட்டுக்குள் வெள்ளைக் கீறல்கள் ஓடின. தண்டில் கை நடுங்கிய இடம் தெரிந்தது. அந்த எழுத்துக்குப் பிறகு பெரியவர் தூரிகை எடுக்கவில்லை. கை முழுதாக நடுங்கத் தொடங்கிவிட்டது. அதுதான் அவர் எழுதிய கடைசி எழுத்து.

"இதைப் பத்திரமாகத் திருப்பித் தாருங்கள்" என்றார் கெய்கோ. நான் தந்துவிடுவேன் என்றேன்.

சனிக்கிழமை கடைத் திறப்பு. பெரியவரின் பழைய கூட்டாளிகள், அவரோடு சேர்ந்து எழுதிப் பழகியவர்கள், வருவதாக இருந்தது. வெள்ளி மத்தியானம் பலகை ஏறவேண்டும். தூக்குகிற லொறி குகனுடையது. அவன் அடுத்த கிழமை முழுவதும் வேறு ஊரில் வேலை எடுத்திருந்தான்.

வெள்ளி காலை தொழிற்கூடத்துக்குப் போனேன். கிறீம் நிறப் பலகை ஒரு மேசையில். கறுப்புப் பூசி மினுங்குகிற அலுமினிய மரங்கள் மூன்று இன்னொரு மேசையில், அம்புக்குறியோடு. திருப்பிக் கொடுக்கவேண்டிய தாளைச் சுருட்ட எடுத்தவன், சும்மா ஒருதரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மூன்று மரமும் ஒரே மரம்.

"நிரோஜன், இஞ்ச வா. உதென்ன?"

"காடு, அங்கிள். மோரி. கூகிள்ல செக் பண்ணினனான்."

"இந்த மரத்தின்ரை கை ஏன் மடங்கேல்லை?"

அவன் குனிந்து தாளைப் பார்த்தான். பிறகு சொன்னான். தாளை ஸ்கான் பண்ணினால் ஃபைல் சரியான பாரமாக வந்ததாம். வெள்ளைக் கீறல் எல்லாம் ஆயிரம் சின்னத் துண்டாக வெட்டுப்படும், மெஷினின் அலகு உடையும். ஆகவே நல்லதொரு மரத்தை வரைந்து, துப்புரவாக்கி, மூன்று தரம் ஒட்டியிருக்கிறான். இடிக்கிற இடத்தில் மட்டும் நுனியைக் கத்தரித்திருக்கிறான்.

அவனைத் திட்டவேண்டாம். நம் தொழிலில் எல்லாரும் அதைத்தான் செய்வோம். ஒரு 'அ' வை வடிவாக வரைந்தால் பலகையில் இருக்கிற எல்லா 'அ' வும் அதுதான். ஒன்று மாதிரி ஒன்று இருப்பதற்குத்தான் நமக்குக் காசு தருகிறார்கள். பிசிறு கண்டால் கை தானாகத் துடைக்கும். நாம் செய்கிற பிழை எல்லாம் இப்படி நல்ல பழக்கத்திலிருந்துதான் வரும்.

"உது காடில்லையடா. வரிசைக்கு நட்ட தென்னந்தோட்டம்."

"அங்கிள், ஷீ அப்ரூவ்ட் இற். படம் அனுப்பினனான். ஓகே எண்டு ரெக்ஸ்ற் வந்தது. எங்களில பிழை சொல்லேலாது."

"பிழை ஆரிலை எண்டு நான் கேக்கேல்லை."

"பின்னை? ரெண்டரைக்குக் குகன் அண்ணை வாறார். கொழுவிப்போட்டு விடுவம். மோரி எண்டுதானே இருக்கு. ஆர் அங்கிள் கவனிக்கப்போகினம்?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் இந்தக் கேள்வி உங்களுக்குக் கட்டாயம் வரும். பலகை தயார், வாடிக்கையாளர் சம்மதம் கையில், லொறி வருகிறது. எழுத்துப் பிழையும் இல்லை. பலகையை மேலே கொழுவிவிட்டால் ஒரு சட்டத்தரணியும் உங்களை ஒன்றும் செய்யமுடியாது. எனக்கும் மனம் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. ஆனால் பெரியவர் நாளைக்குக் கார்த் தரிப்பிடத்தில் இறங்கி நிமிர்ந்து பார்க்கப்போகிறார். தன் கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் யாரோ அச்சடித்த மூன்று மரத்தை.

கெய்கோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். விளக்க இங்கிலிஷ் போதவில்லை. "வந்து பாருங்கள். அப்பாவையும் கூட்டிவாருங்கள்" என்றேன். நிரோஜன் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

வந்தார்கள். பெரியவர் மெலிந்த ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட சேட்டு. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கெய்கோ உலோக மரங்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் சம்மதம் சொன்னேன்" என்றார். "சுகாதாரப் பரிசோதகர் பக்கத்தில் நின்றார். ஃபோனில் பார்த்தேன். காடு என்று இருந்தது. வாசித்தேன். பார்க்கவில்லை."

இந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் வாசித்துவிட்டுப் போய்விடுவார். கெய்கோ அந்த எழுத்தைச் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறவர், அதனால் அவர் கண்ணில் படவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குப் பார்க்க மட்டும்தான் முடியும். ஆகவே உங்களுக்குத் தெரிந்த மொழிப் பலகைக்குத்தான் இரட்டிப்புப் பயம் இருக்கவேண்டும்.

பெரியவர் மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மகளிடம் ஏதோ கேட்டார். கெய்கோவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்கிறார்?"

"இந்த மரங்களை நட்டது யார் என்று கேட்கிறார்."

நிரோஜன் கையை உயர்த்தினான், பள்ளிக்கூடத்தில் போல. பெரியவர் அவனுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். அவன் காதுவரை சிவந்துபோனான்.

"ஒரு வழி இருக்கிறது" என்றேன். "பலகை வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்கள் எழுத்தைப் புரொஜெக்ரரில் பெரிதாக்கி அதன்மேல் விழுத்தி, எனாமல் பெயின்ற்றால் நான் தூரிகையில் எழுதுகிறேன்."

கெய்கோ மொழிபெயர்த்தார். பெரியவர் என் கையைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். மேலும் கீழும் பார்த்தார், மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: எதையும் திருத்தக் கூடாது.

குகனுக்கு எடுத்தேன்.

"ரெண்டரை எண்டதை அஞ்சு ஆக்கடா."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பிறகு நான் விட்பிக்குப் போய்ச் சேர விடிஞ்சிடும்."

"என்ரை வீட்டிலை சாப்பிட்டிட்டுப் போ."

"என்ன கறி?"

"நண்டு."

"அஞ்சுக்கு வாறன். அஞ்சு ஒண்டு எண்டா போயிடுவன்."

புரொஜெக்ரர் விழுத்திய கோட்டை பென்சிலால் சுற்றி எடுத்தேன். வெள்ளைக் கீறல் ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்தேன். பிறகு சின்னத் தூரிகையால் உள்ளே நிரப்பினேன். என்னைப் போல ஓரம் பிடிக்கிறவன் இந்த ஊரில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு மயிரிழை தவறவில்லை. பெரியவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது இரண்டு மணி. எழும்பித் தொழிற்கூடத்தின் மற்ற அந்தத்துக்குப் போய் நின்று பார்த்தேன். எனக்கு முதன்முதல் வேலை தந்த போர்த்துக்கேயர் பழக்கிய பழக்கம் அது. எந்தப் பலகையையும் வீதிக்கு மற்றப் பக்கம் போய் நின்று பார்க்காமல் அவர் கூலி தரமாட்டார். கிட்ட நின்றால் உன் வேலை தெரியும், தூரத்தில் நின்றால்தான் பலகை தெரியும் என்பார்.

தூரத்திலிருந்து பார்த்தால் மரம் செத்துப்போய் நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. கை மடங்கியிருந்தது, கீறல் இருந்தது, நடுக்கம் இருந்தது. ஆனால் கீறல் கீறிவிட்டது போல இருந்தது. நடுக்கம் வெட்டி ஒட்டியது போல இருந்தது. ஒரு மனிதன் மூச்சைப் பிடித்து இழுத்த கோடு அதில் இல்லை. நான் வரைந்திருந்தேன். எழுதவில்லை.

தின்னர் போத்தலையும் துணியையும் எடுத்தேன். நிரோஜன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அங்கிள், ஆர் யூ சீரியஸ்? நல்லாத்தானே இருக்கு! பெர்ஃபெக்ற்!"

"அதுதான் பிழை. விடு கையை."

"மூண்டு மணித்தியாலம்தான் இருக்கு! நடக்காட்டி வெறும் போர்ட்தான் ஏறும்!"

அவன் சொன்னது நியாயம். கையில் இருந்தது யாரும் குறை சொல்ல முடியாத பலகை. அதைத் துடைத்தால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. முடிவு என் தலையில். முதலில் மேல் மரத்தில் துணியை வைத்தேன். ஒரு இழுவையில் பாதி போனது. பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார். கெய்கோ சொன்னார்: "இப்போது தொடங்குங்கள் என்கிறார்."

கடையில் இருந்த ஆகப் பெரிய தூரிகையை எடுத்தேன். சுவர் பூசுகிறது. பழைய மட்டைகளை நிலத்தில் விரித்தேன். கெய்கோ வரிசை சொன்னார்: படுக்கை, நிமிர்வு, இடச்சரிவு, வலச்சரிவு. மேல் மரம், இட மரம், வல மரம். பெயின்ற்றை ஒரே ஒருதரம் தொடவேண்டும், மூன்று மரத்துக்கும். முதல் மட்டையில் இரண்டாவது மரத்திலேயே தீர்ந்துவிட்டது. அடுத்ததில் மழை பெய்தது போல ஒழுகியது. பெரியவர் கதிரையின் கையில் இடது கையால் தட்டத் தொடங்கினார். தட், தட், இழுவை... தட். அவர் எழுதிய வேகம் அது. படுக்கைக் கோட்டில் ஆறுதல், சரிவில் அவசரம், மடங்குகிற கையில் ஒரு சின்ன நிறுத்தம். மட்டை மட்டையாக அந்தத் தாளத்துக்கு என் தோள் பழகியது. கண் கோட்டின் ஓரத்தைப் பார்ப்பதை விட்டுக் காது தட்டலைப் பிடித்தது.

பிறகு பலகையில் எழுதினேன். ஒரு மூச்சு. கடைசி மரத்தின் தண்டில் பெயின்ற் வறண்டு, கீறல் தானாக விழுந்தது. நடுக்கமும் வந்தது. அதை நான் செய்யவில்லை. பயத்தில் என் கையே நடுங்கியது.

நிரோஜன் மெதுவாக, "ஹோலி..." என்றான். மிச்சத்தை விழுங்கிவிட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

ஐந்து மணிக்குக் குகன் வந்து, "ஈரமாக் கிடக்குது, உதை எப்பிடி அண்ணை தூக்கிறது?" என்று கத்தினான். கத்திக்கொண்டே பூப்போலத் தூக்கினான். ஜூன் மாதம். மரங்களிலிருந்து பஞ்சு பறக்கிற காலம். ஒரு பஞ்சு வந்து வல மரத்தின் காலில் ஒட்டிவிட்டது. எடுக்கப் போன நிரோஜனின் கையைக் கெய்கோ தட்டிவிட்டார்.

சனிக்கிழமை நானும் போனேன். வேட்டி கட்டாத குறை. பெரியவரின் கூட்டாளிகள் வந்தார்கள். அதில் ஒரு அம்மா, பெரியவரின் வயதுதான் இருக்கும், தடியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பெரியவரின் தோளில் ஒரு அடி போட்டு ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கெய்கோவைப் பார்த்தேன்.

"இந்த வயதிலும் மை குறைத்துத்தான் தொடுகிறாய், கஞ்சன் என்கிறார்."

அவருடைய கை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது! அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோசம், கோயில் வளைவுக்குப் பொன் எழுத்து வைத்த நாளில்கூட வரவில்லை. பெரியவர் என் பக்கம் கையைக் காட்டுவார் என்று கொஞ்சம் முன்னுக்கு வந்து நின்றேன். அவர் காட்டவில்லை. தலையை ஆட்டி, ஓம், கஞ்சன்தான் என்பது போலச் சிரித்துக்கொண்டு நின்றார். நூடில்ஸ் சாப்பிட உள்ளே போகும்போது மட்டும் என் கையை எடுத்துத் தன் நடுங்குகிற கைக்குள் வைத்து ஒருதரம் அழுத்தினார். அன்றைக்கு அது எனக்குப் போதும். அவர் எழுத்தை அவர் கூட்டாளிகளுக்கு முன்னால் நான் உரிமை கொண்டாடியிருந்தால் முழு வேலையும் பழுதாகியிருக்கும்.

பெரியவர் இப்போது இல்லை. பலகை இருக்கிறது. அந்தப் பிளாசாவுக்கு வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். நம் பலகைக் கடையின் இணையப் பக்கத்தில் முதல் படமும் அதுதான். புதுப் பலகைக்கு வருகிற பாதிப் பேர் அதைக் காட்டித்தான், "உது மாதிரி ஒண்டு வேணும்" என்கிறார்கள்.

நிரோஜன், இந்தக் கடைசிப் பந்தி உனக்கு. இதை வெட்டாமல் அச்சடி, புதுப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். அந்தப் படத்துக்குக் கீழே 'எழுத்து' என்று பெரியவரின் பெயர் இருக்கிறது. அது நியாயம், அதில் கைவைக்காதே. அதற்குக் கீழே 'வடிவமைப்பும் ஆக்கமும்' என்று நம் கடையின் பெயர் இருக்கிறது. கடை என்பது கட்டிடம், அது தூரிகை பிடிக்காது. நீ வடிவமைத்த மூன்று அலுமினிய மரங்களும் நம் தொழிற்கூடத்துச் சாப்பாட்டறைச் சுவரில் தொங்குகின்றன, அதற்கு உன் பெயரைப் போட்டுக்கொள். இந்தப் பலகையில் ஒரு மூச்சில் பெயின்ற்றை இழுத்தவன் நான். 'பலகையில் தூரிகையால் எழுதியவர்' என்று ஒரு வரி சேர்த்து, அதில் என் முழுப் பெயரையும் போடு. தகப்பன் பெயரோடு, முதலில் தமிழில், பிறகு இங்கிலிஷில். வருகிற வெள்ளிக்கிழமை பேரனைக் கொண்டு ஃபோனில் திறந்து பார்ப்பேன்.